மைனருக்கும் ஒரு பங்கு

அக்காவுக்கு எதையும் முழுதாக வைத்துக்கொள்ளத் தெரியாது. கையில் ஒரு முறுக்கு இருந்தால் அது எத்தனை பேருக்கு உடையும் என்றுதான் முதலில் பார்ப்பார். உடைத்ததில் ஒரு துண்டு பெரிதாகிவிட்டால் அதன் ஓரத்தைக் கிள்ளிச் சின்னதோடு சேர்ப்பார். கிள்ளும்போது உதிர்ந்த தூள் கோழிக்குப் போகும். கோழி இரண்டு இருந்தால் தூளும் இரண்டாகும்.

ஒரு தடவை பந்தயத்துக்காகக் காலை நேரத்தில் தார்ச்சாலையில் குதிரையைப் பழக்கிக்கொண்டிருந்தோம். அந்த வழியாக வந்த போலீஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, முன்னால் நின்ற அக்காவைப் பிடித்துக்கொண்டார். பஸ் போகிற சாலையில் குதிரை வண்டியைத் தலைதெறிக்க விடலாமா, யார் மேலாவது ஏறினால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஏனுங்க சார், இந்தக் குதிரைக்கு நாங்க அஞ்சு பேரு சொந்தக்காரங்க. திட்டு பூராத்தையும் நா ஒருத்தியே வாங்கிக்கறது நாயமாங்க? எல்லாத்தையும் வரிசையா நிக்கச் சொல்றேன். ஆளுக்குக் கொஞ்சமாத் திட்டிப்போடுங்க."

சொன்னபடியே எங்களை வரிசையாக நிறுத்திவிட்டார். போலீஸ்காரர் முதல் ஆளைத் திட்டினார். இரண்டாவது ஆளிடம் வரும்போது குரல் இறங்கிவிட்டது. மூன்றாவது ஆளிடம், "நீயுமாய்யா?" என்று மட்டும் கேட்டார். கடைசியில் நின்றது நான். யாராவது என்னை நேராகப் பார்த்தாலே எனக்குக் கண் கலங்கிவிடும். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "இவனை வேண்டாம், அழுதுருவான்" என்றார்.

"அப்ப தம்பியோட பங்கை மைனருக்குச் சேத்திக் குடுங்க சார்" என்றார் அக்கா. மைனர் என்பது குதிரையின் பெயர். போலீஸ்காரர் திரும்பி மைனரைப் பார்த்தார். மைனர் அவர் சட்டை மேல் ஒரு தும்மல் போட்டது. அதற்கு மேல் அவரால் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.

பொள்ளாச்சியில் மாட்டுச் சந்தைக்குப் போகிற சாலையில் அக்காவின் இட்லிக் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் வாடகை வீடு, அதற்கும் பின்னால் திறந்தவெளியாக ஒரு வாசல், வாசல் மூலையில் தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் மைனர் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரெல்லாம் ஆட்டோ வந்துவிட்டது. ஜட்கா ஓட்டிய ஒருவர் தன் மட்டக்குதிரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து காலையிலிருந்து நிறுத்தியிருந்தார். மாடு வாங்க வந்தவர்கள் குதிரையை என்ன செய்வார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. அன்று அக்கா சந்தைக்குள் கூடையில் இட்லி கொண்டுபோயிருக்கிறார். யாருக்கோ சட்னி ஊற்றிக்கொண்டிருந்தபோது, தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு நீண்ட முகம் வந்து கூடைக்குள் இறங்கி, எல்லா இட்லியையும் துணியோடு சேர்த்து இழுத்தது.

"என்ற கையால சாப்பிட்டவன் எனக்கு ஒறம்பரை, சொந்தக்காரன். ஊட்டுக்கு வந்த ஒறம்பரையை யாரோ ஓட்டிட்டுப் போக உட முடியுமா?" என்று சொல்லி, அங்கேயே நின்ற மூன்று பேரைப் பிடித்துக் குதிரை வாங்க வைத்துவிட்டார். ஒருவர் தென்னந்தோப்பு வைத்திருந்தவர். நாங்கள் தோப்புக்காரர் என்றே கூப்பிடுவோம். விலையில் பாதியை அவர் போட்டார். இன்னொருவர் லாடம் அடிக்கிற பாய். மூன்றாமவர் டிராக்டர் மெக்கானிக். இவர்களும் அக்காவும் சேர்ந்து மீதியைப் போட்டார்கள். நான் தேங்காய் மண்டியில் மூட்டை ஏற்றுகிறவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒல்லியாக இருந்ததாலும், குதிரையிடம் கத்தாததாலும் வண்டி ஓட்ட என்னைக் கூலிக்கு வைத்தார்கள்.

முதல் தடவை ஜெயித்தது ஒரு மாரியம்மன் நோம்பியில், கோயில் திருவிழாவுக்கு நடந்த பந்தயத்தில். பரிசு ரொக்கம். கோயில் மைதானத்துப் புளியமரத்தடியில் மைனரை அவிழ்த்து நிறுத்தியவுடன் தோப்புக்காரர் ஆரம்பித்தார்.

"ஏனம்மணி, குதிரை வாங்குன பணத்துல பாதி என்றது. அப்ப பரிசுலயும் பாதி என்றதுதானே? எல்லா ஊர்லயும் அதானே வழக்கம்?"

"அண்ணா, மைனரை விக்கற அன்னிக்குப் பாதியை எடுத்துக்குங்க. அது உங்க பணம். இது ஓடி வந்த பணமுங்க. ஓடறப்ப உங்க பாதி முன்னாலயும் எங்க பாதி பின்னாலயுமா ஓடுச்சு?"

"பின்னால ஓடுன பாதிதானுங்க முன்னால ஓடுனதத் தள்ளிட்டே வந்துச்சு" என்றார் மெக்கானிக்.

"நீ சும்மா இரு" என்றார் தோப்புக்காரர்.

"பாய் லாடம் அடிக்காட்டி ஓடியிருப்பானா? மெக்கானிக்கு அச்சு மாத்தாட்டி வண்டி உருண்டிருக்குமா? நீங்க காசு போடாட்டி மைனரே ஏது? அதனால எல்லாத்துக்கும் ஒரே பங்கு. தம்பிக்கும் ஒண்ணு."

"இவனுக்கா? இவன் கூலிக்கு ஓட்டறவன் அம்மணி!"

நான் கால் கட்டைவிரலால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். "கூலிக்கு ஓட்டறவன் ஜெயிச்சதும் இப்புடித் தேம்பித் தேம்பி அழுவானா? மூஞ்சியப் பாருங்க" என்றார் அக்கா. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். அக்கா மேலே சொன்னதை அங்கிருந்துதான் கேட்டேன்: "அப்பறம் மைனருக்கு ஒண்ணு. மொத்தம் ஆறு."

தோப்புக்காரர் துள்ளிவிட்டார். "குதிரைக்குப் பங்கா! வாங்கி எந்த மடியில முடிஞ்சு வெக்கும்?"

"சீக்கிரம் முடிவு சொல்லுங்கண்ணா. வேர்வை காயுது."

"காஞ்சா என்ன?"

"குதிரை மேல வேர்வை காயறதுக்குள்ள பரிசப் பிரிச்சுப்போடோணும். இல்லாட்டி அடுத்த பந்தயத்துல காலே எழாது. எங்கப்பாரு ஊர்ல இதான் வழக்கம்."

எல்லோருடைய கையும் மைனர் மேல் போனது. முதுகு காய்ந்திருந்தது. கழுத்தும் காய்ந்திருந்தது. பாய் குனிந்து வயிற்றுக்கு அடியில் தடவி, "இங்க இன்னும் ஈரம் இருக்குது!" என்று கத்தினார். தோப்புக்காரருக்கு மூச்சு வாங்கியது. "பிரி அம்மணி, பிரி! நின்னுட்டே இருக்கறியே!" அந்த அவசரத்தில் ஆறு பங்கும் விழுந்தது. ஒரு பங்கு என் கையிலும் விழுந்தது.

ஒரு மாதம் கழித்து மெக்கானிக் கடையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டே கேட்டார். "ஏனுங்கக்கா, உங்கப்பாரு ஊரு எது?"

"பெருந்துறைப் பக்கம்."

"அங்க குதிரைப் பந்தயம் நடக்குங்களா?"

"குதிரையே கெடையாது" என்றார் அக்கா, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

தோப்புக்காரருக்கு மட்டும் இதை யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த வழக்கம் பரவிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் உடுமலைப் பக்கத்திலிருந்து வந்த குதிரைக்காரர்கள்கூடப் பந்தயம் முடிந்ததும் குதிரையின் வயிற்றடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு அவசர அவசரமாகப் பங்கு பிரித்தார்கள். வருடக்கணக்காகப் பங்குச் சண்டை போட்டவர்களெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள். பாய் வந்து இதைச் சொன்னபோது அக்கா சிரித்த சிரிப்பில் இட்லித் தட்டு கை தவறிவிட்டது.

மைனரின் பங்கு கொள்ளும் புல்லுமாக மாறும். மைனருக்கு என்ன வேண்டும் என்று அக்காதான் கேட்டுச் சொல்வார். பங்கு போடும்போது அதன் வாயோரம் காதை வைத்து, கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "வெல்லம் கேக்கறான்" என்பார். ஒரு பந்தயத்தில் ஆட்டுக்கிடா பரிசாக வந்தது. கறி ஆகாதவன் என்பதால் மைனருக்கு அதன் பங்குக்குச் சரியாகக் கேரட் வந்தது. அந்த வாரம் முழுக்க நாங்கள் கறி தின்ற பெருமையை விட மைனர் கேரட் தின்ற சத்தம்தான் அதிகம்.

அக்காவின் கணக்கில் ஒரு கடுமையும் இருந்தது. மைனருக்கு ஒருமுறை வயிறு உப்பிக்கொண்டது. பாய் யாரிடமும் சொல்லாமல் தன் கைக்காசில் டாக்டரைக் கூட்டிவந்து ஊசி போட்டுவிட்டார். தெரிந்ததும் அக்கா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எங்கள் எல்லோரிடமும் வசூல் செய்து அவர் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "பங்குக்கு மேல எச்சாக் குடுக்கறதும் எச்சா எடுக்கறதும் ஒண்ணுதான் பாய். ரெண்டுல எது நடந்தாலும் அப்பறம் நாம பங்காளி இல்ல." பாய் பாவம், தப்பு செய்தவர் மாதிரி வாங்கிக்கொண்டார்.

அதனால்தான் அக்காவின் தோள் விஷயம் வந்தபோது நாங்கள் திண்டாடிப்போனோம்.

அக்கா ஆட்டுக்கல்லில்தான் மாவாட்டினார். கடைக்கு ஆட்டுவது வீட்டுக்கு ஆட்டுவது மாதிரி அல்ல. வலது தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரு கட்டத்தில் கை மார்புக்கு மேலே எழாமல் போயிற்று. கோயமுத்தூருக்குப் போய் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். அன்று சாயந்திரம் எங்களுக்கு வடை போட்டுக்கொண்டே சொன்னார்.

"இனிக் கல்லைத் தொட்டா கையே வெளங்காமப் போயிருமாம். நல்ல டாக்டருதான். அவரு அம்மாவுக்கும் இதேதானாம். கிரைண்டர் வாங்கிட்டாங்களாம்."

ஆள் வைத்து ஆட்டக் கடை தாங்காது. கிரைண்டர் வாங்குவது பேச்சுக்கே இல்லை. பெருந்துறையில் அக்காவின் தம்பி இருந்தார். அங்கே தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் பரிமாறுகிற வேலை இருக்கிறது, வந்துவிடு என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்துக் கடைக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். அக்கா போய்விட்டால் கடை இல்லை. வாசல் இல்லை. மைனருக்கு இடமும் இல்லை. பாய்க்கும் மெக்கானிக்குக்கும் எனக்கும் வீட்டில் கட்டில் போடவே இடம் கிடையாது. தோப்பில் இடம் உண்டு, ஆனால் மைனர் ஒருமுறை தென்னங்கன்றுகளைத் தின்றதிலிருந்து தோப்புக்காரரின் அம்மா குதிரை என்ற சொல்லைக் கேட்டாலே துடைப்பத்தைத் தேடுவார். மைனரை விற்றுவிட வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் நோம்பி நோட்டீஸ் ஒட்டினார்கள். கோயமுத்தூரில் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர், மட்டக்குதிரைப் பந்தயத்துக்கு முதல் பரிசாகக் கிரைண்டர் கொடுக்கிறார். மெக்கானிக் நோட்டீஸைச் சுவரோடு உரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஆறு பேருக்கு ஒரு கிரைண்டரை எப்புடிப் பிரிக்கறது?" என்றார். அதுதான் அக்கா. இன்னும் ஓடவே இல்லை!

மைனர் போகும்போது சோம்பேறி, திரும்பும்போது புயல். பந்தயம் போய்த் திரும்புகிற பந்தயம். அக்கா எல்லைக்கோட்டில் கொள்ளுப் பாத்திரத்தோடு நிற்பார் என்பது அதற்குத் தெரியும். அன்றும் போகும்போது கடைசிக்கு முந்தின இடம். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த ஆட்கள் என்னைப் பார்த்து, "ஏம்பா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கேலி பேசினார்கள். கொடி நட்ட இடத்தில் வண்டியைத் திருப்பினேன். மைனர் ஒரு தடவை மூக்கைத் தூக்கியது. அதற்குப் பிறகு நான் ஓட்டவில்லை, கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரு வண்டி போயிற்று, இரண்டு போயிற்று, மோட்டார் சைக்கிள்காரர்கள் வேலிக்குள் பாய்ந்தார்கள், என் துண்டு பறந்தது, ஒரு ஐஸ்காரர் தன் பெட்டியின் மேலேயே ஏறி நின்று கத்தினார். கோட்டைத் தாண்டியும் மைனர் நிற்கவில்லை. நேராகப் போய்ப் பாத்திரத்துக்குள் முகத்தை விட்ட பிறகுதான் நின்றது. நான் வழக்கம்போல் அழுதேன். ஆனால் இந்தத் தடவை தோப்புக்காரரும் அழுதார்.

மேடையிலிருந்து கிரைண்டரை நாலு பேர் தூக்கிவந்து மரத்தடியில் வைத்தார்கள். வெள்ளைக்கல், புது இரும்பு, மேலே ஒரு சாமந்தி மாலை.

"அக்கா, நீங்களே வெச்சுக்குங்க" என்றார் மெக்கானிக்.

"எச்சாவா?" என்றார் அக்கா. அக்கா மைனரின் வயிற்றடியைத் தடவினார். "வேர்வை காயுது. ஆளுக்கு வாரத்துல ஒரு நாளு. ஆறு நாளு ஆறு பேரு. ஞாயித்துக்கிழமை கல்லுக்கு லீவு. எனக்குச் சந்தை நாளு, வியாழன். தம்பிக்குச் செவ்வாய். மைனருக்குச் சனி."

அப்படித்தான் அந்தக் கிரைண்டர் ஊர் சுற்ற ஆரம்பித்தது. தினமும் காலையில் அதைப் பெட்டி வண்டியில் ஏற்றுவோம். இழுப்பது மைனர்தான். ஜெயித்தவனே பரிசை வீடு வீடாகச் சுமந்துகொண்டு போவதைப் பார்க்க ஜனங்கள் வாசலுக்கு வருவார்கள். "கிரைண்டர் வருது, அரிசி ஊறப்போடு!" என்று குரல் எழும். புதன்கிழமை மெக்கானிக் வீட்டில் அவர் மாமியார் வடகத்துக்கு ஒரு கூடை வரமிளகாய் போட்டு ஆட்டிவிட்டார். கழுவினோம் என்றுதான் சொன்னார்கள். வியாழக்கிழமை சாயந்திரம் அக்கா கடையில் இட்லி இளஞ்சிவப்பாக வெந்தது. மாட்டு வியாபாரிகள் கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு வெய்யுங்கக்கா, சட்னியே வேண்டாமுங்க" என்றார்கள். அடுத்த வியாழன் இட்லி வெள்ளையாக வந்ததற்கு இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை மைனருக்காக ஊறிய கொள்ளை ஆட்டுவோம். கல் சுற்றும் சத்தத்துக்கு அது காதை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டு முதலாளி மாதிரி நிற்கும்.

அந்த நாட்களில்தான் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பேசுவதற்கு அக்கா வந்தார். பெண்ணின் அப்பா, மாப்பிள்ளைக்குச் சொத்து ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குதிரை ஜெயிக்கறதுல ஆறுல ஒண்ணுங்க" என்றார் அக்கா. "கிரைண்டர்ல ஆறுல ஒண்ணு. அதாவது, வாரத்துல செவ்வாக்கிழமை பூராவும் மாப்பிள்ளையோடதுங்க."

உள்ளறையில் யாரோ களுக்கென்று சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

சிரிப்பெல்லாம் சரி. ஆனால் வியாழன் தவிர மற்ற நாட்களில் அக்கா என்ன செய்தார்? கல்லில்தான் ஆட்டினார். ஒரே நாளில் வாரத்துக்கும் ஆட்டி வைத்தால் மாவு புளித்துப்போகும். இடது கையால் ஆட்டினார். அது முடியாதபோது வலது கையைத் துண்டால் குழவியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உடம்பால் சுற்றினார். நாங்கள் நான்கு ஆண்களும் பாயின் பட்டறையில் கூடிப் பேசினோம். நம் நாட்களை அக்காவுக்கே விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. சொல்லப்போன தோப்புக்காரர் போன வேகத்தில் திரும்பினார். "கரண்டியத் தூக்கிட்டு வருது அம்மணி. 'எனக்குப் பிச்சை போட வந்தீங்களாண்ணா'ன்னு கேக்குது." பெருந்துறைத் தம்பியும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கூட்டிக்கொண்டு போவதாக முடிவாகச் சொல்லிவிட்டார். அக்காவும் சரி என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை, மைனரின் நாள். வாசலில் எல்லோரும் நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கிரைண்டர் சுற்றி முடித்து நின்றது. அக்கா கொள்ளு வாளியை எடுக்கப் போனார். வாளி தரையை விட்டு எழவில்லை. அப்படியே விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, "மைனரு, உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்டார். எப்போதும் கேட்கிற கேள்விதான். ஆனால் குனிந்து காதைக் கொடுக்க அவரால் முடியவில்லை.

நான் போய்க் குனிந்தேன். ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. மைனர் என் காதுக்குள் எச்சிலை வடித்தது.

"என்னமோ சொல்றானுங்க அக்கா" என்றேன்.

நான் வாயைத் திறந்ததிலேயே எல்லோரும் திகைத்துவிட்டார்கள். அக்கா என்னைக் கூர்ந்து பார்த்தார். "என்ன சொல்றான்?"

"வாரத்துல ஒரு நாளு பத்தாதாமுங்க. கிரைண்டர் பூராவும் அவனுக்கே வேணுமாமுங்க."

மெக்கானிக்குக்குத்தான் முதலில் புரிந்தது. "என்ற பங்கை மைனருக்குக் குடுத்துப்போட்டேன்!" என்று கையைத் தூக்கினார். "என்றதும் மைனருக்குத்தான்" என்றார் பாய். தோப்புக்காரர் தாடையைச் சொறிந்தார், வானத்தைப் பார்த்தார், அம்மாவை நினைத்திருப்பார் போல, பெருமூச்சு விட்டார். "சரி, என்றதும் குடுத்தேன். குதிரைக்கில்லாததா?"

"என்ற செவ்வாக்கிழமையும்" என்றேன் நான்.

"எப்படா இவன் உங்கிட்டப் பேச ஆரம்பிச்சான்?"

"உங்களுக்குக் கை வலிங்கறதால தொந்தரவு பண்ணலீங்களாம்."

"குதிரைக்கு எதுக்குடா கிரைண்டரு?"

மறுபடி குனிந்தேன். மறுபடி எச்சில். "கடை வெக்கப் போறானுங்களாம். மாவாட்டிக் குடுக்கற கடை. மொத வாடிக்கை நீங்கதானாமுங்க."

பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது. அக்கா சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி ஒன்று அவரிடம் இருந்தது.

"கூலி என்ன கேக்கறான்?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஒரு பிடி என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஆழாக்கு என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய்க்கு வந்தது ஒன்றுதான். "ஒரு ஆட்டலுக்கு ஒரு படி கொள்ளுங்களாம்."

தோப்புக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா மைனரைப் பார்த்தார். கிரைண்டரைப் பார்த்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் யாரும் அவருக்கு எச்சாக எதையும் கொடுக்கவில்லை. கொடுத்தது குதிரைக்கு. குதிரை கூலி கேட்கிறது. கணக்கில் ஓட்டை தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"என்ற பங்கை நா குடுக்கலை" என்றார் கடைசியில். "வியாழக்கிழமை என்ற நாளு. அன்னிக்குக் கூலி கெடையாது. சொல்லிரு அவங்கிட்ட."

நான் சொன்னேன். மைனர் தலையை ஆட்டியது. ஈயை விரட்டத்தான், ஆனால் ஆட்டியது. அதற்குப் பிறகுதான் அக்கா சிரித்தார். ஆட்டுக்கல்லின் மேல் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். தோப்புக்காரர் மட்டும், "ஒரு படியா? அரைப் படிக்குக் கேட்டுப் பாருப்பா" என்று என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைத் தம்பி பையோடு வந்தார். "நா வர முடியாதுப்பா. மைனரு கடை வெச்சிருக்கறான், வாடிக்கை நா ஒருத்திதான்" என்றார் அக்கா. தம்பி மைனரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அக்கா கூலியில் ஒரு கொள்ளு மணிகூடக் குறைக்கவில்லை. காலையில் ஓர் ஆட்டல், சாயந்திரம் ஓர் ஆட்டல். ஒவ்வொன்றுக்கும் குவித்து அளந்த ஒரு படி கொள்ளு. ஒரு வேளை தின்றது செரிக்கட்டும் என்று பாய் கெஞ்சிப் பார்த்தார். "அவன் சம்பாரிச்சது பாய். நீங்க யாரு வேண்டாங்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டார். மைனர் வீங்கியது. மெக்கானிக் வண்டியின் ஏர்க்கால்களுக்கு நடுவே குதிரை நிற்கும் இடத்தை அகலமாக்கினார். பிறகு இன்னும் கொஞ்சம் அகலமாக்கினார். அடுத்த வருட நோம்பிக்கு அதைப் பூட்டியபோது பக்கத்துக் குதிரைக்காரர் என்னிடம் மெதுவாக, "ஏனுங்க, எத்தன மாசம்?" என்று கேட்டார். மைனர் ஆண் குதிரை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

போகும்போது கடைசி. அது எப்போதும் உள்ளதுதான். கொடியில் திருப்பியதும் மைனர் மூக்கைத் தூக்கியது. நான் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் மூக்கை மறுபடி இறக்கிக்கொண்டு நடையாகவே வந்தது. கொள்ளுக்கு அதற்கு என்ன பஞ்சம்? நாங்கள் கோட்டைத் தொட்டபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மைக்கைக் கழற்றிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மேடையில் மிஞ்சியிருந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து, "இந்தாங்க, ஆறுதல் பரிசு" என்று கொடுத்தார்.

அக்கா அதை மேடைப் பரிசு மாதிரியே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எங்களுக்கு ஒவ்வொன்று பிய்த்துக் கொடுத்தார். தோப்புக்காரர் வழக்கப்படி மைனரின் வயிற்றடிக்குக் கையை விட்டு, "சீக்கிரம் அம்மணி, வேர்வை!" என்றார். கையை எடுத்துப் பார்த்தார். முழங்கை வரை ஈரம் சொட்டியது. முதுகிலும் கழுத்திலும் ஓடையாக வழிந்துகொண்டிருந்தது.

"அவசரம் வேண்டாமுங்கண்ணா" என்றார் அக்கா. "இது பொழுது சாயற வரைக்கும் காயாது."

பிறகு மைனரின் பங்கை எடுத்தார். அது தலையைத் தூக்கவில்லை. "தூக்குடா, இங்க பாரு, இங்க பாரு" என்று பழத்தைத் தன் தலைக்கு மேலே உயரப் பிடித்து ஆட்டினார். பழம் வலது கையில் இருந்தது. கை நேராக, வளையல் முழங்கை வரை வழுக்கி இறங்க, முழுதாக மேலே போயிருந்தது. பாய்தான் முதலில் பார்த்தார். பிறகு நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தோலை உரித்த பழங்களைக் கையில் பிடித்தபடி, தின்ன மறந்து, வாயைப் பிளந்து நின்றோம்.

"என்னத்தைப் பாக்கறீங்க?" என்றார் அக்கா. "அவிய அவிய பங்கைத் தின்னுங்க."